சர்வரில் டிஸ்க் தெரியவில்லையா? கன்ட்ரோலர் டிரைவர் சிக்கலைப் படிப்படியாகக் கண்டுபிடிப்பது எப்படி

சர்வருக்கு மின்சாரம் கொடுத்து, இன்ஸ்டால் பென்டிரைவைச் செருகி, மொழி, நேரம், உரிமம் என்று எல்லாத் திரைகளையும் தாண்டி வந்தாயிற்று. எந்த டிஸ்க்கில் நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரை வருகிறது. பட்டியல் காலியாக இருக்கிறது. உள்ளே நான்கு டிஸ்க் செருகியிருப்பது உங்களுக்குத் தெரியும், அவற்றின் பச்சை விளக்குகள்கூட எரிகின்றன. ஆனால் நிறுவும் நிரலுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் உடனே கன்ட்ரோலர் கார்டின் (டிஸ்க்குகளைச் சர்வரோடு இணைக்கும் அட்டை) பெயரை இணையத்தில் தேடி, கிடைத்த டிரைவரை (அந்தக் கார்டோடு பேச இயங்குதளத்துக்கு உதவும் மென்பொருள்) இறக்கி ஏற்றிப் பார்க்கிறார்கள். அது சரிவரவில்லை என்றால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. இப்படி ஒரு நாளே போய்விடும். நான் சொல்ல வருவது, டிரைவரைத் தேடுவதற்கு முன்னால் டிஸ்க் எந்த இடம் வரை தெரிகிறது, எந்த இடத்தில் மறைகிறது என்று பாருங்கள் என்பதுதான். அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல நேரங்களில் சிக்கல் டிரைவரிலேயே இருக்காது.

டிஸ்க்குக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே சில கண்ணிகள் இருக்கின்றன. டிஸ்க், கேபிள் அல்லது பேக்பிளேன் (டிஸ்க்குகளைச் செருகும் பின்பலகை) வழியாகக் கன்ட்ரோலரை அடைகிறது. கன்ட்ரோலர், கார்டுகளை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐ பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறது. பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ (சர்வர் தொடங்கியதும் முதலில் ஓடும் நிரல்) அதைக் கண்டறிந்து இயங்குதளத்திடம் ஒப்படைக்கிறது. இயங்குதளம் அந்தக் கார்டின் அடையாள எண்ணைப் பார்த்து, அதற்குப் பொருந்தும் டிரைவரை ஏற்றுகிறது. டிரைவர் கார்டோடு பேசி, கார்டு எதைக் காட்டுகிறதோ அதை டிஸ்க் என்று வரிசைப்படுத்துகிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் திரையில் நீங்கள் பார்ப்பது ஒரே காட்சிதான்: காலிப் பட்டியல்.

கட்டளைகளின் பெயரை இங்கே ஒலிப்பு வடிவில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும். லினக்ஸ் கட்டளைகள் எல்லாமே சிறிய எழுத்தில்.

தொடங்கும் முன்: டிஸ்க்கில் பழைய தரவு இருக்கிறதா?

புத்தம் புது சர்வர் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சர்வர், அல்லது வேறு சர்வரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த டிஸ்க்குகள் என்றால் நிதானமாகப் படியுங்கள்.

ரெய்டு கார்டின் (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நிர்வகிக்கும் கன்ட்ரோலர் கார்டு) திரையில் இனிஷியலைஸ், கிளியர் என்று சில தேர்வுகள் இருக்கும். டிஸ்க்குகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது புதிய கார்டு அவற்றை 'ஃபாரின்' என்று காட்டும். வேறொரு கார்டு எழுதிய ரெய்டு அமைப்பு இதில் இருக்கிறது என்பதே அதன் பொருள். அங்கே இம்போர்ட் என்ற தேர்வு பழைய அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும். கிளியர் என்ற தேர்வு அந்த அமைப்பையே அழித்துவிடும். டிஸ்க் தெரியவில்லை என்ற பதற்றத்தில் கிளியரை அழுத்திவிட்டுக் கலங்கி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தரவு முக்கியம் என்றால் இந்த மூன்றையும் தொடாதீர்கள்: கிளியர், இனிஷியலைஸ், புதிய அரே (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்குதல். பேக்கப் இருக்கிறது என்று உறுதியாகும் வரை எதையும் எழுதாத சோதனைகளை மட்டும் செய்யுங்கள். கீழே முதல் மூன்று படிகளிலும் பெரும்பாலும் பார்ப்பதுதான் வேலை. ஒரு அமைப்பை மாற்றிப் பார்க்கச் சொல்லும் இடங்களில், மாற்றுவதற்கு முன் இருந்ததைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: இயங்குதளத்தை மறந்துவிட்டு பயாஸைப் பாருங்கள்

சர்வரை மறுதொடக்கம் செய்து பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ அமைப்புத் திரைக்குள் போங்கள். ரெய்டு கார்டு இருந்தால் அதன் பெயர் அங்கே ஒரு தனி வரியாக வர வேண்டும். பழைய சர்வர்களில் பூட் ஆகும்போது கன்ட்ரோல் விசையோடு ஒரு எழுத்தை அழுத்தினால் கார்டின் சொந்தத் திரை திறக்கும். புதியவற்றில் அது யூஇஎஃப்ஐ மெனுவுக்குள்ளேயே இருக்கும். கார்டு அங்கேயே தெரியவில்லை என்றால், உலகத்தில் உள்ள எந்த டிரைவராலும் அதைக் கொண்டுவர முடியாது.

அப்போது வன்பொருள் பக்கம் திரும்புங்கள். மின்சாரத்தை முழுவதுமாகத் துண்டித்துவிட்டுக் கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள். கேபிளின் இரு முனைகளையும் பாருங்கள். புதியவர்கள் அறியாத ஒன்று இருக்கிறது: இரண்டு பிராசஸர் போடக்கூடிய சர்வர்களில் சில பிசிஐ ஸ்லாட்டுகள் இரண்டாவது பிராசஸரோடுதான் இணைந்திருக்கும். அந்த பிராசஸர் போடப்படவில்லை என்றால் அந்த ஸ்லாட்டில் செருகிய கார்டு செத்த கார்டு போலத்தான் இருக்கும். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். எந்த ஸ்லாட் எந்த பிராசஸருக்கு என்பது பெரும்பாலும் சர்வர் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கும் படத்திலோ கையேட்டிலோ இருக்கும்.

கார்டு தெரிகிறது என்றால் அதன் திரைக்குள் போய் இரண்டு பட்டியல்களைப் பாருங்கள். ஒன்று பிசிக்கல் டிஸ்க், மற்றொன்று வர்ச்சுவல் டிஸ்க். ரெய்டு முறையில் ஓடும் கார்டு, தனித்தனி டிஸ்க்குகளைப் பொதுவாக இயங்குதளத்துக்குக் காட்டாது. அவற்றைச் சேர்த்து நீங்கள் உருவாக்கிய வர்ச்சுவல் டிஸ்க்கை மட்டுமே காட்டும். நான் இந்த வேலைக்கு வந்த தொடக்கத்தில் ஒரு சர்வரில் நான்கு டிரைவர்களை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தேன். நான்காவதும் பலிக்காத பிறகு கார்டின் திரையைத் திறந்தால் பிசிக்கல் டிஸ்க் பட்டியல் நிறைந்திருந்தது, வர்ச்சுவல் டிஸ்க் பட்டியல் காலியாக இருந்தது. யாரும் அரே உருவாக்கவே இல்லை. முதலில் ஏற்றிய டிரைவரே சரியானதுதான், காட்டுவதற்குத்தான் அதனிடம் எதுவும் இல்லை.

தனித்தனி டிஸ்க்தான் வேண்டும், ரெய்டை மென்பொருளே பார்த்துக்கொள்ளட்டும் என்றால் கார்டை எச்பிஏ முறைக்கு, அதாவது டிஸ்க்குகளை அப்படியே காட்டும் முறைக்கு, மாற்ற வேண்டும். எல்லாக் கார்டுகளிலும் இந்த வசதி கிடையாது.

மதர்போர்டிலேயே இருக்கும் சாட்டா போர்ட்டுகளுக்கு இன்னொரு கேள்வி உண்டு. அவை ஏஎச்சிஐ (சாட்டா டிஸ்க்குகளுக்கான பொதுவான முறை) முறையில் இருக்கின்றனவா, ரெய்டு முறையிலா? ஏஎச்சிஐ என்றால் ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களிலும் டிரைவர் கூடவே வரும். ரெய்டு முறை என்றால் தயாரிப்பாளரின் டிரைவர் தேவைப்படலாம். இன்டெல் பிராசஸர் உள்ள பல சர்வர்களில் விஎம்டி என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது இயக்கத்தில் இருந்தால் என்விஎம்இ டிஸ்க்குகள் (பிசிஐ பஸ்ஸோடு நேரடியாக இணையும் வேகமான டிஸ்க்குகள்) அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும், விஎம்டி டிரைவர் இல்லாத நிறுவும் நிரலுக்கு அவை தெரியவே தெரியாது. விஎம்டி-யின் ரெய்டு வசதி உங்களுக்குத் தேவையில்லை, டிஸ்க்குகளும் புதியவை என்றால் அதை அணைத்துவிடுவது எளிய வழி. ஏற்கெனவே அதன்மேல் ரெய்டு அமைத்திருந்தால் அணைக்கக் கூடாது.

இரண்டாவது படி: பஸ்ஸில் கார்டு தெரிகிறதா?

பயாஸில் கார்டும் வர்ச்சுவல் டிஸ்க்கும் தெரிகின்றன. இப்போது இயங்குதளத்தின் பக்கம் வரலாம்.

நீங்கள் நிறுவப்போவது விண்டோஸ் சர்வராக இருந்தாலும் சரி, ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொள்ளும்படி சொல்வேன். அதில் பூட் செய்து, டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ -என்என்கே என்று அடித்தால் பஸ்ஸில் உள்ள எல்லாச் சாதனங்களும் அவற்றின் அடையாள எண்களோடு வரிசையாக வரும். டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதாமல் இவ்வளவு தகவல் தரும் கருவி வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அந்த வரிசையில் சதுர அடைப்புக்குள் 01 என்று தொடங்கும் நான்கு இலக்க வகை எண்ணைத் தேடுங்கள். 01 என்றால் சேமிப்புச் சாதனம். அதில் 0104 என்பது ரெய்டு, 0106 என்பது சாட்டா, 0107 என்பது சாஸ், 0108 என்பது என்விஎம்இ. பயாஸில் தெரிந்த கார்டு இங்கே தெரியவில்லை என்றால் ஸ்லாட், பயாஸ் பதிப்பு, கார்டின் ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) ஆகிய மூன்றையும் சந்தேகப்பட வேண்டும்.

விண்டோஸ் ஏற்கெனவே வேறொரு டிஸ்க்கிலிருந்து ஓடிக்கொண்டிருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். தெரியாத சாதனம் என்று மஞ்சள் குறியோடு ஒன்று இருந்தால், அதன் பண்புகளில் ஹார்டுவேர் ஐடி என்ற பகுதியைப் பாருங்கள். அங்கேயும் அதே எண்கள்தான் இருக்கும்.

மூன்றாவது படி: பெட்டியின் பெயரை நம்பாதீர்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

எனக்குத் தெரிந்து மிக அதிகமான நேரம் வீணாவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு: தயாரிப்பாளர் எண், சாதன எண். 8086 என்றால் இன்டெல். 1000 என்றால் முன்பு எல்எஸ்ஐ, இப்போது பிராட்காம். 9005 என்றால் அடாப்டெக். டிரைவரை முடிவு செய்வது இந்த எண்கள்தான். கார்டின் மேல் அச்சடித்திருக்கும் பெயரை இயங்குதளம் பார்ப்பதே இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. எல்எஸ்ஐ நிறுவனத்தின் சாஸ்2008 என்ற சிப் பல நிறுவனங்களின் கார்டுகளில் இருக்கிறது. அதே சிப் எச்பிஏ ஃபர்ம்வேரோடு வந்தால் அதன் எண் 1000:0072. மெகாரெய்டு ஃபர்ம்வேரோடு வந்தால் 1000:0073. லினக்ஸில் முதலாவதற்கு எம்பிடி3சாஸ் என்ற டிரைவர், இரண்டாவதற்கு மெகாரெய்டு_சாஸ் என்ற டிரைவர். சிப் ஒன்றுதான். ஆனால் ஒன்றின் டிரைவர் மற்றொன்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சிப்பின் பெயரை மட்டும் தேடி டிரைவரை இறக்குபவர் எத்தனை முறை முயன்றாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

ஒரே வணிகப் பெயருக்குள்ளும் இப்படி நடக்கும். எச்பி நிறுவனத்தின் ஸ்மார்ட் அரே கார்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் மிகப் பழையவற்றுக்குச் சிசிஐஎஸ்எஸ், அதன் பின் வந்தவற்றுக்கு எச்பிஎஸ்ஏ, பத்தாம் தலைமுறை சர்வர்களில் உள்ளவற்றுக்கு ஸ்மார்ட்பிக்யூஐ. பெயர் ஒன்று, டிரைவர் மூன்று.

எனவே நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: தயாரிப்பாளர், சாதனம், துணைத் தயாரிப்பாளர், துணைச் சாதனம். கார்டு ஒரு சர்வர் நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்டிருந்தால், துணை எண்கள் அந்த நிறுவனத்தைக் காட்டிக்கொடுக்கும். அந்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் சர்வர் மாடலையும் இயங்குதளப் பதிப்பையும் கொடுத்து டிரைவரை எடுங்கள். டிரைவர் மட்டும் தருகிறோம் என்று சொல்லும் மூன்றாம் தரப்புத் தளங்கள் பக்கம் சர்வர் வேலைக்குப் போகவே வேண்டாம்.

நான்காவது படி: விண்டோஸ் சர்வரில் டிரைவரை ஏற்றுவது

விண்டோஸ் சர்வர் 2003 காலத்தில் எஃப்6 விசையை அழுத்தி ஃபிளாப்பியிலிருந்துதான் டிரைவர் கொடுக்க வேண்டும். 2008 பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் தேர்வுத் திரையிலேயே லோட் டிரைவர் என்ற இணைப்பு இருக்கும், பென்டிரைவிலிருந்தே கொடுக்கலாம்.

கொடுப்பதற்கு முன் டிரைவரைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இறக்கிய கோப்பு இஎக்ஸ்இ என்று முடிந்தால் அதை நிறுவும் நிரல் எடுத்துக்கொள்ளாது. வேறொரு கணினியில் அதை விரித்து, உள்ளே ஐஎன்எஃப், எஸ்ஒய்எஸ், கேட் என்று முடியும் கோப்புகளை ஒரே கோப்புறையில் வையுங்கள். ஐஎன்எஃப் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். நோட்பேடில் திறந்து, நீங்கள் குறித்துவைத்த சாதன எண் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எண் இல்லையென்றால் அது உங்கள் கார்டுக்கான டிரைவர் இல்லை. இந்த அரை நிமிடச் சோதனை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

லோட் டிரைவர் திரையில், இந்தக் கணினிக்குப் பொருந்தாத டிரைவர்களை மறை என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி இருக்கும். அதை நான் ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்துகிறேன். டிக் இருக்கும்போது பட்டியல் காலி, எடுத்தால் டிரைவர் தெரிகிறது என்றால், கோப்புறையை நிறுவும் நிரல் சரியாகப் படித்துவிட்டது, ஆனால் டிரைவர் கார்டுக்குப் பொருந்தவில்லை. டிக் எடுத்த பிறகும் காலி என்றால் கோப்புறையில்தான் கோளாறு: ஐஎன்எஃப் இல்லை, அல்லது 64 பிட் டிரைவர் தேவைப்படும் இடத்தில் 32 பிட் டிரைவர் இருக்கிறது. பொருந்தாததை வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம்.

திரை எதுவும் சொல்லாமல் நின்றால் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். கட்டளைச் சாளரம் திறக்கும். டிஸ்க்பார்ட் என்று அடித்து, அதற்குள் லிஸ்ட் டிஸ்க் என்று கேளுங்கள். வெளியே வந்து டிஆர்விலோட் என்ற கட்டளைக்கு ஐஎன்எஃப் கோப்பின் பாதையைக் கொடுத்தால் டிரைவர் அந்த நேரத்துக்கு மட்டும் ஏறும். பிறகு மறுபடி லிஸ்ட் டிஸ்க். டிஸ்க்பார்ட்டில் கிளீன் என்றொரு கட்டளை இருக்கிறது, அதைத் தவறியும் அடிக்காதீர்கள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பை ஒரு கேள்வியும் கேட்காமல் அழித்துவிடும்.

கணினிக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை என்று தொடக்கத்திலேயே ஒரு செய்தி வந்தால் குழம்ப வேண்டாம். அது பெரும்பாலும் ரெய்டு கார்டைப் பற்றியது இல்லை. நிறுவும் நிரலால் தன் சொந்த பென்டிரைவையோ டிவிடியையோ படிக்க முடியவில்லை என்பதே அதன் பொருள். பென்டிரைவை வேறு யூஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள், ஐஎஸ்ஓ கோப்பை மறுபடி இறக்கி எழுதிப் பாருங்கள்.

டிவைஸ் மேனேஜர் வரை போக முடிந்தால் அங்கே தெரியும் பிழை எண் நேரான வழிகாட்டி. 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, ஆனால் சாதனம் தொடங்கவில்லை. ஃபர்ம்வேர் பதிப்பைப் பாருங்கள். 52 என்றால் டிரைவரின் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. 2016 பதிப்பிலிருந்து, செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரல்களை ஏறவிடாமல் தடுக்கும் அமைப்பு) இயக்கத்தில் இருக்கும் புது நிறுவலில், மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட கர்னல் டிரைவர் வேண்டும். பழைய கார்டின் பழைய டிரைவர் இங்கே மாட்டிக்கொள்ளும். கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவுவது வேலைக்கு ஓடும் சர்வரில் நல்ல தீர்வு இல்லை. கார்டை மாற்றுவதே சரி.

ஒரே வகைச் சர்வர்கள் நிறைய இருந்தால் ஒவ்வொன்றிலும் பென்டிரைவோடு நிற்க வேண்டாம். விண்டோஸின் டிஸம் கருவியால் டிரைவரை நிறுவும் பிரதியிலேயே சேர்த்துவிடலாம். அந்தப் பிரதியில் உள்ள பூட் விம் கோப்பில் இரண்டு பிம்பங்கள் இருக்கும், இரண்டாவதுதான் நிறுவும் நிரல். அதிலும் இன்ஸ்டால் விம் கோப்பிலும் சேருங்கள். ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு, டிஸ்க் தெரிகிறதே என்று நிறுவி முடித்த பிறகு முதல் பூட்டில் நின்றுபோனால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

ஐந்தாவது படி: லினக்ஸில் மூன்று நிலைகள்

எல்எஸ்பிசிஐ -என்என்கே கொடுத்த பட்டியலுக்குத் திரும்பலாம். உங்கள் கார்டின் கீழே இரண்டு வரிகள் வர வாய்ப்புண்டு. ஒன்று இப்போது பயன்பாட்டில் உள்ள கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டிரைவர், மற்றொன்று பொருந்தக்கூடிய கர்னல் மாட்யூல்கள் (டிரைவர் இருக்கும் கோப்புகள்). இந்த இரண்டு வரிகளைப் படிக்கத் தெரிந்தால் லினக்ஸ் பக்கம் பெரும்பாலான சிக்கல்களைப் பிரித்துவிடலாம்.

முதல் நிலை, பயன்பாட்டில் உள்ள டிரைவர் என்ற வரி இருக்கிறது. டிரைவர் கார்டைப் பிடித்துவிட்டது. இனி டிரைவரைத் தேட வேண்டியதில்லை, சிக்கல் அதற்கு அப்பால். ஒரு விதிவிலக்கு: அந்த வரியில் விஎஃப்ஐஓ என்று தொடங்கும் பெயர் இருந்தால், கார்டு ஏதோ ஒரு வர்ச்சுவல் மெஷினுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் உங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாம் நிலை, மாட்யூல் பெயர் இருக்கிறது, பயன்பாட்டு வரி இல்லை. கர்னலுக்கு இந்தக் கார்டைத் தெரியும், ஆனால் மாட்யூல் ஏறவில்லை, அல்லது ஏறித் தோற்றுவிட்டது. மோட்புரோப் என்ற கட்டளையோடு மாட்யூலின் பெயரைக் கொடுத்துக் கையால் ஏற்றுங்கள். உடனே, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையைக் கொடுத்துக் கடைசி வரிகளைப் படியுங்கள். தேவையான சாவி இல்லை, அல்லது சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் பிழை வந்தால் செக்யூர் பூட் கையொப்பமில்லாத மாட்யூலைத் தடுக்கிறது. கார்டின் ஃபர்ம்வேர் ஃபால்ட் நிலையில் இருப்பதாக வந்தால், சர்வரை அணைத்து, மின் கேபிளையே கழற்றிச் சில நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். வெறும் மறுதொடக்கத்தில் கார்டுக்குப் போகும் மின்சாரம் நிற்காது. ஒரு பிழையும் வராமல் மாட்யூல் அமைதியாக ஏறிவிட்டால், தானாக ஏறவிடாமல் யாரோ தடைப்பட்டியலில் போட்டிருக்கலாம். ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் மோட்புரோப்.டி கோப்புறையைப் பாருங்கள்.

மூன்றாம் நிலை, இரண்டு வரியும் இல்லை. இந்தக் கர்னலில் உங்கள் கார்டின் எண்ணுக்கு டிரைவரே கிடையாது. கார்டு மிகப் புதியது என்றால் புதிய பதிப்பில் வந்திருக்கும். கார்டு பழையது என்றால் நீக்கியிருப்பார்கள். இந்த இரண்டாவது காரணத்தைப் புதியவர்கள் நம்ப மறுக்கிறார்கள். நேற்றுவரை ரெட் ஹேட் லினக்ஸின் ஏழாம் பதிப்பில் ஓடிய கார்டு எப்படி எட்டில் ஓடாமல் போகும் என்று கேட்கிறார்கள். 2019-இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8, பழைய கார்டுகள் பலவற்றின் எண்களை டிரைவரிலிருந்தே எடுத்துவிட்டது. மேலே சொன்ன 1000:0072, 1000:0073 இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டு. டிரைவர் கோப்பு அங்கேயே இருக்கும், ஏற்றினால் பிழையின்றி ஏறும், கார்டை மட்டும் தொடாது. மோட்இன்ஃபோ கட்டளையோடு மாட்யூல் பெயரைக் கொடுத்தால் அது ஏற்கும் எண்கள் எல்லாம் ஏலியாஸ் வரிகளாக வரும். உங்கள் எண் அங்கே இல்லையென்றால் முடிவு தெரிந்துவிட்டது.

இப்படிப்பட்ட கார்டுகளுக்காக இஎல்ரெப்போ என்ற தன்னார்வத் திட்டம் டிரைவர் வட்டுகளை வெளியிடுகிறது. நிறுவும் நிரல் பூட் ஆகும் வரியில் இன்ஸ்ட்.டிடி என்ற தேர்வைச் சேர்த்து அந்த வட்டைக் கொடுக்கலாம். வீட்டில் கற்றுக்கொள்ள வைத்திருக்கும் சர்வருக்கு இது போதும். மற்றவர்களின் தரவு இருக்கும் சர்வர் என்றால், ஒவ்வொரு கர்னல் புதுப்பிப்பிலும் வெளியாரின் மாட்யூலை நம்பியிருப்பது சரிதானா என்று யோசித்து முடிவெடுங்கள்.

விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ்ஐ (ஒரே சர்வரில் பல வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அமைப்பு) பயன்படுத்துபவர்களுக்கும் இதே கதை உண்டு. 2020-இல் வந்த 7.0 பதிப்பு, லினக்ஸிலிருந்து தழுவிய பழைய வகை டிரைவர்களை மொத்தமாகக் கைவிட்டது. 6.7 வரை ஓடிய கார்டு அங்கே தெரியாமல் போனால் அதன் பொருந்தும் பட்டியலைப் பாருங்கள்.

டிரைவர் இருக்கிறது, ஆனாலும் டிஸ்க் வரவில்லை

வர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கப்படாத நிலையை முன்பே சொல்லிவிட்டேன். வேறு சில காரணங்களும் உண்டு.

விண்டோஸ் சர்வரில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். டிஸ்க் ஆஃப்லைன் என்று இருக்கலாம். பல சர்வர்கள் பகிரும் டிஸ்க்காக இருந்தால் தரவு கெட்டுவிடக் கூடாது என்று விண்டோஸே அப்படி வைக்கும். வேறு எந்தச் சர்வரும் அதைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு ஆன்லைன் ஆக்குங்கள்.

லினக்ஸில் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்க் வரவில்லை அல்லது அளவு பூஜ்யம் என்று வருகிறது, டிஎம்இஎஸ்ஜி-யில் 520 என்ற எண்ணோடு செக்டார் அளவு ஏற்கப்படவில்லை என்று ஒரு வரி இருக்கிறது என்றால், அந்த டிஸ்க் பெரிய ஸ்டோரேஜ் பெட்டி ஒன்றிலிருந்து வந்தது. அவற்றில் ஒரு செக்டாருக்கு 512 பைட்டுக்குப் பதில் 520 பைட் என்று வடிவமைத்திருப்பார்கள். பழைய சாஸ் டிஸ்க்குகளை வாங்கிப் பயன்படுத்துபவர்கள் இதைச் சந்திக்க வாய்ப்பு உண்டு. எஸ்ஜி_ஃபார்மட் என்ற கருவியால் 512-க்கு மாற்றலாம். டிஸ்க்கில் உள்ளது முழுவதும் அழியும், ஒரு டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும், நடுவில் மின்சாரம் போகக் கூடாது.

நிறுவி முடித்த சர்வர் பூட் ஆகாமல் நின்றால்

மதர்போர்டை மாற்றிய பிறகு, கார்டை மாற்றிய பிறகு, பயாஸில் சாட்டா முறையைத் தொட்ட பிறகு இது நடக்கும். விண்டோஸ் நீலத் திரையில் 0எக்ஸ்7பி என்ற எண், அதாவது பூட் சாதனத்தை அணுக முடியவில்லை. லினக்ஸில் ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று காத்திருந்து அவசரகால ஷெல்லுக்குள் விழும்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவரோ டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க லினக்ஸ், தேவையான மாட்யூல்களை இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு பொதியில் கர்னலோடு சேர்த்து எடுத்துவருகிறது. ரெட் ஹேட் வகைகளில் அந்தப் பொதியில் அப்போதிருந்த வன்பொருளுக்கான மாட்யூல்கள் மட்டுமே இருக்கும். கார்டு மாறினால் பொதியில் அதன் மாட்யூல் இருக்காது. பூட் மெனுவில் ரெஸ்க்யூ என்று ஒரு வரி இருக்கும், அதன் பொதி பெரியது, எல்லா மாட்யூல்களும் உண்டு. அதில் பூட் செய்து, டிராகட் கட்டளையோடு -எஃப் தேர்வையும் எல்லாவற்றையும் மறுபடி உருவாக்கும் ரீஜெனரேட்-ஆல் தேர்வையும் கொடுங்கள். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ. மாட்யூலைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்றால் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் கோப்புறையில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பில் அதன் பெயரை ஒரு வரியாக எழுதிவிட்டு இதைச் செய்யுங்கள்.

விண்டோஸில் முதலில் செய்ய வேண்டியது, பயாஸில் எதை மாற்றினீர்களோ அதைத் திருப்பிவைப்பது. பூட் ஆகிவிட்டது, ஆனால் ஏஎச்சிஐ முறைதான் வேண்டும் என்றால், பிசிடிஎடிட் கட்டளையால் அடுத்த பூட்டைச் சேஃப் மோடுக்குத் திருப்பி, பிறகு பயாஸில் ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் விண்டோஸ் தன்னிடம் உள்ள டிரைவரைத் தானே பொருத்திக்கொள்ளும். அதன் பின் சேஃப் மோடு அமைப்பை நீக்க மறக்காதீர்கள்.

வர்ச்சுவல் மெஷினுக்கு மாற்றும்போது ஒரு நல்ல உத்தி உண்டு. கேவிஎம்-இல் (லினக்ஸின் வர்ச்சுவல் மெஷின் அமைப்பு) விண்டோஸை வர்ட்ஐஓ (வர்ச்சுவல் மெஷினுக்கென்றே உருவான வகை) டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும் என்றால், பூட் டிஸ்க்கைப் பழைய வகையிலேயே விட்டு, வர்ட்ஐஓ வகையில் ஒரு சிறிய காலி டிஸ்க்கைக் கூடுதலாக இணையுங்கள். விண்டோஸுக்குள் போய் அதற்கு டிரைவர் நிறுவுங்கள். சிறு டிஸ்க் தெரிந்த பிறகு அணைத்து, பூட் டிஸ்க்கை வர்ட்ஐஓ-வுக்கு மாற்றுங்கள். வர்ட்ஐஓ-வின் டிரைவர் ஐஎஸ்ஓ-வில் விஐஓஸ்டோர், விஐஓஸ்கசி என்று இரண்டு கோப்புறைகள் இருக்கும். டிஸ்க்கை வர்ட்ஐஓ பிளாக் என்று இணைத்தால் முதலாவது, வர்ட்ஐஓ ஸ்கசி என்றால் இரண்டாவது. சோதனை டிஸ்க்கும் பூட் டிஸ்க்கும் ஒரே வகையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இவ்வளவு செய்தும் அதே நீலத் திரைதான் வரும்.

வெளியார் மாட்யூலோடு ஓடும் லினக்ஸ் சர்வரில் கர்னலைப் புதுப்பித்த கையோடு மறுதொடக்கம் செய்துவிடாதீர்கள். ரெட் ஹேட் வகையில் எல்எஸ்இனிட்ஆர்டி, டெபியன் வகையில் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளைக்குப் புதிய பொதியின் பாதையைக் கொடுத்து, உங்கள் மாட்யூலின் பெயர் உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் மறுதொடக்கம் செய்யலாம். இல்லையென்றால் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொதியை மறுபடி உருவாக்கிவிடுங்கள்.